நாற்பத்தேழு பிக்சல் சாம்பல்

டோங்காட்டில் கரும்பு கொளுத்தும் மாதம்.
மூடாமல் விட்ட ஸ்கேனர் கண்ணாடியில்
ஒரு கரித்துகள் வந்து படுத்திருந்தது.
கல்யாணப் பத்திரிகையோடு அதுவும் பதிவானது,
மணமகள் பெயரின் மேல்.

அழிக்கப் போனவள் நின்றேன்.
வெட்டி எடுத்து நிறம் நீக்கினேன்.
கறுப்பு இருந்தால் மை, வெள்ளை என்றால் ஒன்றுமில்லை.
தூரிகைக்கு அவ்வளவுதான் தெரியும்.

கோப்புறையில் போட்டு
செயலியை மூடித் திறந்தேன். காணோம்.
பெயரின் வாலில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
திருத்துவதற்குள் மின்வெட்டு.
இரண்டரை மணி நேரம்
இருட்டில் மேசைமேல் விரலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வந்தபோது
வரிசையின் கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது,
பொட்டு அளவில்.
இடைவெளி ஐந்து வைத்தால் கயிறு.
எண்பது வைத்தால் மணலில் காக்கை நடந்த தடம்.
சுழற்சியை அதன் இஷ்டத்துக்கு விட்டேன்,
திரையில் சாம்பல் விழத் தொடங்கியது.
ஆனால் எல்லாம் ஒரே சாம்பல்.

வெளியே சாக்ரன் ஆலையைத் திட்டியபடி
வெள்ளை விரிப்பை உதறப் போனான்.
"உதறாதே!" கத்தினேன்.
"என்னிடம் ஒன்றுதான் இருக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
பிறகு வேலிக்கு மேலாக விரிப்பை நீட்டினான்.
"இந்தா, மீன்முள் மாதிரி ஒன்று.
இதுக்கு என் பெயரை வை."