முழங்கால் என்றுதான் சொன்னேன்

வால்பராய்சோவில் ஆட்களை மலைமேல் ஏற்றுவது என் வேலை.
கம்பிவடம் இழுக்கும் மரப்பெட்டிகள்,
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.
இருபத்தாறு வருடம்.
விஷயம் வெளியே தெரிந்தால்
கூட்டாளிகள் என்ன பகடி பேசுவார்கள் என்பது
அவர்களுக்கு முன்னால் எனக்கே தோன்றிவிட்டது,
அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு மாதம்.
கடைசிப் பெட்டி நின்ற பிறகும்
பல்சக்கரங்களுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன்,
நியேவெஸ் தூங்கியிருப்பாள் என்று கணக்குப் பண்ணி.
தூங்கியிருக்க மாட்டாள்.
முதுகைப் பார்த்தால் தெரியாதா.

ஞாயிற்றுச் சந்தையில் ஒருவன்
செய்தித்தாளில் மடித்து நான்கு மாத்திரை தந்தான்.
அன்றிரவு முகம் எரிந்தது, தலை இடித்தது,
வேறொன்றும் நடக்கவில்லை.
குளியலறையில் உட்கார்ந்து
துறைமுகத்தில் கப்பல்கள் ஊதுவதை எண்ணினேன்.

சுகாதார நிலையத்தில் முழங்கால் என்றுதான் சொன்னேன்.
டாக்டர் பாராஓனாவுக்கு என் மகள் வயதிருக்கும்.
மடக்கினாள், நீட்டினாள்,
நல்ல முழங்கால் என்றாள்.
கதவுப்பிடியில் கை வைத்த பிறகு,
கதவைப் பார்த்தபடியே சொன்னேன்.

சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள்.
விடிகாலையில் எப்படி, எத்தனை சிகரெட்,
படியேறினால் நெஞ்சு அடைக்கிறதா,
இரவில் தாகம் எடுக்கிறதா,
எல்லாம் மழை பெய்ததா என்று கேட்கிற குரலில்.
"அங்கே போகிற ரத்தக்குழாய்கள்
இதயத்துக்குப் போவதைவிட மெல்லியவை.
அடைக்கத் தொடங்கினால் முதலில் முனகுவது அவைதான்."

இது எனக்குப் புரிகிற பாஷை.
பெட்டி நடுவழியில் நின்றால்
பயணிகள் பெட்டியைத்தான் திட்டுவார்கள்.
நாங்கள் மேலே எந்திர அறைக்குப் போவோம்.

சர்க்கரை இருநூற்று நாற்பது. அழுத்தமும் கூட.
முதலில் இதற்கு மருந்து என்றாள்,
அதற்கு, இதயத்தைப் பார்த்த பிறகு.
சந்தை மாத்திரை மிச்சமிருந்தால் இங்கே கொடுங்கள்.
அடுத்த முறை மனைவியும் வரட்டும், முடிந்தால்.

முடிந்தால்.

நியேவெஸ் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
முழுவதையும் சொன்னேன், சந்தைக்காரன் உட்பட.
கத்தி பாதிக் காயில் நின்றது.
"ஆக, வேறொருத்தி இல்லை?"
இல்லை.
"நான் கிழடுதட்டிப் போனதாலும் இல்லை?"
இல்லை, இல்லை.

"அடப்பாவி மனுஷா,
தலைக்குச் சாயம் பூசினேனே,
மார்ச் மாதத்திலிருந்து மூன்று தடவை.
நீ நிமிர்ந்தே பார்க்கவில்லை."

எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.
செம்பு நிறம்.
வகிட்டோரம் ஒரு விரல் அகலத்துக்கு
வெள்ளை முளைத்திருந்தது.