எண்பதாம் நம்பர்

கோழி லாரி செய்வதென்று தீர்மானித்தது
புளியரை சோதனைச் சாவடியில்,
டயர்களுக்கு மருந்தடிக்கும் ஒரு ராத்திரி.
நாமக்கல்லிலிருந்து வந்து வரிசையில் நின்றன வண்டிகள்.
மேல்தட்டுக் கூண்டில் ஒரு கோழி
என்னைப் பார்க்கவில்லை,
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு.
உள்ளங்கையில் நிற்கும் லாரி.
கேபினுக்குப் பற்பசை டப்பா அட்டை,
டீசல் டேங்குக்குக் கண்மருந்துக் குப்பி.
எல்லாம் தானாக வந்து சேர்ந்தது.
வலைதான் அகப்படவில்லை.

முதலில் கொசுவலை.
ஒரு கண்ணை அளந்து எழுபத்திரண்டால் பெருக்கினேன்.
மூன்றரை அங்குலம்.
அந்தக் கண்ணில் தலையை விட்டு, உடம்பை விட்டு
என் கோழிகள் தென்காசிக்கே நடந்து போய்விடும்.

டீ வடிகட்டி பிறவியிலேயே குழி.
சுத்தியலால் தட்டித் தட்டிச் சமமாக்கினேன்.
அத்தனை கண்ணும் மாறுகண்ணாகிவிட்டது.
அன்றைக்கு டீயைப் பனியனில் வடிகட்டிய உச்சிமாகாளி
இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வெளிநாட்டுப் பித்தளை வலை இருக்கிறது, இல்லாமல் இல்லை.
தீப்பெட்டி அகலம் ஆயிரத்து நானூறு,
தபால் செலவு தனி.
எனக்கு நாள்கூலி நானூற்று எண்பது.
மூன்று ராத்திரி ஊரான் லாரிகளைக் குளிப்பாட்டினால்
என் லாரியில் ஒரே ஒரு கூண்டுக்குக் கதவு.
கூண்டு மொத்தம் நாற்பத்தெட்டு.

விடுப்பு நாளில் புனலூர் பஸ் ஏறினேன்.
ஆரியங்காவு தாண்டி, தென்மலை தாண்டி,
வளைவுக்கு வளைவு பக்கத்து சீட்டுக் குழந்தை
என் மடியைக் குறிவைத்துக் குமட்டிக்கொண்டே வந்தது.
கல்யாணத் துணிக்கடையில்
முக்காட்டு வலை மீட்டர் அறுபது ரூபாய்.
'ஆரா மணவாட்டி?' என்றாள் கடைக்காரி.
கோழி என்றேன்.
சிரிக்காமல் கால் மீட்டர் வெட்டித் தந்தாள்.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால்
எல்லாக் கண்ணும் ஆறு மூலை.
தேனீயை ஏற்றிப்போக லாயக்கு.
பசை பட்டதும் நமுத்த அப்பளம்போலத் தொங்கியது.

அப்புறம் நான் தேடுவதையே விட்டிருந்தேன்.
சாவடிக்கு ஸ்டிக்கர் வாங்கிவரச் சொல்லி
செங்கோட்டைக்கு அனுப்பினார்கள்.
பீர்மைதீன் அச்சுக்கடைச் சாக்கடையோரம்
சாய்ந்து கிடந்தது கிழிந்த ஸ்கிரீன் ஒன்று.
'அது தாம்பூலப் பை அடிக்கிறது, எண்பதாம் நம்பர்.'
நம்பர் என்றால்?
'அங்குலத்துக்கு எண்பது கண்ணு.'
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
சட்டத்தை வைத்துக்கொண்டு துணியைத் தந்தார்.
விலை இரண்டு டீ,
அவருக்கும் அப்போது அங்கே உட்கார்ந்திருந்த
அவர் மச்சானுக்கும்.

சதுரமான சதுரம்.
வெள்ளி நகப்பூச்சைத் தொட்டுத் தடவி
கண் அடைவதற்குள் ஊத வேண்டும்.
தடவு, ஊது, தடவு, ஊது.
நாற்பத்தெட்டுக் கூண்டுக்குப் பதினோரு ராத்திரி,
வாயெல்லாம் பேரிக்காய் வாசனை.

எத்தனை முறை கழுவியும்
யாரோ மணமக்களின் மை துணியை விடவில்லை.
மூன்றாம் வரிசைக் கூண்டில் முகூர்த்த நேரம்.
சங்கரவடிவு என்ற மணப்பெண்
கத்தரியில் இரண்டாகிப்போனாள்.
சங்கர எங்கே போனதோ,
வடிவு மட்டும் பின்கதவில், வெள்ளிக்கு அடியில்,
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

கோழிக்கு வெள்ளை எள் எடுத்து வைத்திருந்தேன்.
அளவு மிகச் சரி.
ஒரு கூண்டில் பத்து போட்டுப் பார்த்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
திரும்பக் கொட்டிவிட்டேன்.

இப்போது மேசையில் அது கிழக்குப் பார்த்து நிற்கிறது,
கொல்லத்தில் இறக்கிவிட்டு
விடிகாலை நாலு மணிக்குத் திரும்பும் வண்டி.
இந்த வண்டிகளுக்குப் பதிவேட்டில்
எண்ணிக்கைக் கட்டத்தில் 'காலி' என்று எழுதுவேன்,
மருந்து மட்டும் அதே அளவுதான் அடிக்க வேண்டும்.

நிற்கிறது என்றா சொன்னேன்?
தீப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது.
சக்கரத்துக்குக் கறுப்பில், தடித்த விளிம்பு வைத்த
சட்டைப் பொத்தான் ஆறு வேண்டும்.
வரிசையில் நிற்கும் டிரைவர்களை
இப்போதெல்லாம் கழுத்துக்குக் கீழேதான் பார்க்கிறேன்.