ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒரு டன் மணல்

எங்கள் ஊரில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர்.
சென்னையிலிருந்து கச்சேரிக்கு வந்த மிருதங்கக்காரர்
"பக்கி வாங்கப் போகிறோம்" என்று நான் சொன்னதும்
தேநீரைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.
ஏன் என்று அவர் போன பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

கேரவன் முதலில் வந்துவிட்டது.
ஹோவிக்கில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் விற்றது.
திரைச்சீலையில் இன்னும் கிராம்பெண்ணெய் வாசனை.
ஆயிரத்து நானூற்று எண்பது கிலோ,
அதுவும் பானை சட்டி ஏற்றாமல்.
மாட்டை வாங்குமுன் வண்டியை வாங்கியவள் என்று
நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

பூபாலனுக்கு நான்கு லிட்டர் பெட்ரோல், ஆறு சிலிண்டர்.
அதன் குரலைக் கேட்டாலே அவருக்கு இருபது வயது குறைகிறது.
நூற்று எழுபத்தைந்து கிலோவாட் என்று
சாப்பாட்டு மேசையில் சொல்வார்,
குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் சொல்வார்.
எனக்கு இரண்டு புள்ளி எட்டு டீசல்.
கிலோவாட் வேகத்துக்கு, முறுக்கு விசை சுமைக்கு என்று
நான் தொடங்கினால்
தீபாவளி டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்து
"இந்த முறுக்கா?" என்பார்.
இதுதான், என்றேன் ஒருநாள்.
மாவு பிழியும்போது அச்சின் கைப்பிடியில் இருப்பது.
அவசரப்பட்டால் வராது.
மெதுவாக, விடாமல்.

கணக்கு நோட்டில் எழுதினேன்:
டர்பன், கடல்மட்டம்.
ஹாரிஸ்மித், ஆயிரத்து அறுநூறு மீட்டர்.
டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏற ஏற மூச்சு முட்டும்.
கடற்கரையில் வாங்கிய நூற்று எழுபத்தைந்து
வான் ரீனன் கணவாயின் தலையில் நூற்றைம்பதுகூட இருக்காது.
மீதியை மலை எடுத்துக்கொள்ளும்,
சுங்கச்சாவடி மாதிரி, ரசீது தராமல்.

"பேப்பரில் மலை ஏறாதே" என்றார்.

மோர்கன் சாட்ஸ்வொர்த்தில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறான்
(முருகன் என்று எழுதத் தெரியாத குமாஸ்தாவின் புண்ணியத்தில் மோர்கன்).
ஓட்டிப் பார்க்க வாங்கிய இரண்டு வண்டிகளிலும்,
சனிக்கிழமை ஒன்று, திங்கள் ஒன்று,
அதே ஒரு டன் ஆற்று மணல்.
அடியில் தார்ப்பாய்.
விற்பனையாளர் ஸ்ட்ரைடமிடம் சொல்லவில்லை.

பெட்ரோல் பாடிக்கொண்டே ஏறியது.
நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு என்று முள் எகிற
பூபாலன் முகத்தில் தேர்த்திருவிழா.
எரிபொருள் முள் மட்டும் தலை குனிந்தது.
டீசல் முணுமுணுத்தது.
இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை.
பின்னால் மணல் இருப்பதை
யாரும் அதற்குச் சொல்லவில்லை போல.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
"திரும்பி இறங்கு" என்றார்.

சரிவில் காலை எடுத்தேன்.
பெட்ரோல் அன்று கியரைக் குறைத்ததும்
பல்லைக் கடித்து, பின்னால் சாய்ந்து
கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தது.
டீசல் ஓடியது.
பிடித்துக்கொள்வது என் வேலை என்று விட்டுவிட்டு ஓடியது.
கருகிய பிரேக் வாசனை பைன்டவுன் வரை கூட வந்தது.
பிரேக் விட்ட லாரிகளின் கதை
அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும்.
நாங்கள் பேசவில்லை.

நோட்டில் ஏற்றத்தை மட்டுமே எழுதியிருந்தேன்.

டீசல்தான் வாங்கினோம்,
கேரவனுக்குப் புது பிரேக் கட்டைகளும் சேர்த்து.
அந்தச் செலவு என் பணத்தில் என்பது தீர்ப்பு.
பெட்ரோல் வண்டியின் மூலையில் தங்கிவிட்ட மணலை
ஸ்ட்ரைடம் விரலால் தொட்டுப் பார்த்தார்.
கடற்கரைக்குப் போனீர்களா என்று கேட்டார்.
ஆமாம் என்றார் பூபாலன், உடனே.

இன்னொன்று.
எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் இழுக்க
இங்கே தனி உரிமம் வேண்டும்.
வீட்டில் அது யாரிடம் இருக்கிறது என்பதை
எஞ்சின் பேசிய ஆறு மாதத்தில்
அவர் ஒருமுறைகூடக் குறிப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலை நான்கு மணிக்குப் புறப்பாடு.
பக்கத்து இருக்கையில் அவர்,
மடியில் முறுக்கு டப்பா,
இறக்கம் வருவதை முன்கூட்டியே சொல்ல.