இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

ரெங்கம் டவுன். நாலு நம்பர் கடை.
கம்பிக்குப் பின்னால் நான் சீட்டடித்துக்கொண்டிருக்க
கோலாலம்பூர்ப் பையன் ஒருவன் குனிந்து கேட்டான்:
"எழுபத்து நாலில் பாடிய தெய்வானை நீங்களா?"

எந்தப் பழைய கடனோ என்றுதான் முதலில் பயந்தேன்.

பையிலிருந்து எடுத்தான், துணி சுற்றி.
மொத்தம் நூறு தட்டு அடித்தோம், சிங்கப்பூரில்,
என் சங்கிலியை அடகு வைத்து.
எழுபத்தொன்று கட்டிலுக்கடியில் கிடந்து
வெள்ளத்தோடு போனது.
இது குளுவாங் பழைய இரும்புக் கடையில்
மீன் தொட்டிக்கு மூடியாக இருந்ததாம்.

உறையில் செங்கேணி வரைந்த கித்தா மரம், ஒற்றைக் கண்ணோடு.
மரம் அழுகிறது என்கிறான் பையன்.
பால்தான் அது, தம்பி.

ஒசாக்காவில் ஒருவர் இதற்கு
என் ஏழு மாசச் சம்பளம் தருவாராம்.
இந்த மாதிரிப் பாட்டுக்குப் பெயர்கூட உண்டாம்,
மயக்கம், மாயை, என்னென்னவோ.
எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஓடுகிறதே ஒரு முனகல்,
அது என்ன கருவி?

பால் ஸ்டோர் மிஷின்.
நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா, எங்களுக்காக?
அடைக்கலம் அதற்குத்தான் கித்தாரைச் சுதி சேர்த்தான்.
உறுமியும் அதற்கே உறுமியது.

கடைசிப் பாட்டில்
என் குரல் ஏறிக்கொண்டே போகிறது.
பெண், அப்புறம் சிறுமி, அப்புறம் குருவி,
அப்புறம் கம்பியில் உரசும் காற்று.
"எப்படிச் செய்தீர்கள்?"
சந்நிதியில் நிற்பது போல் நிற்கிறான்.

மணி பத்து, தம்பி.
பத்துக்கு லயத்து எஞ்சினை நிறுத்திவிடுவார் கிராணி.
பல்பு மஞ்சளாகி, சிவந்து,
ஆ லெக்கின் டேப்புச் சக்கரம் தள்ளாடித் தள்ளாடி...
நாங்கள் பாட்டை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.
நொண்டிக்கொண்டு பதிந்தது
நேராய்ச் சுற்றும்போது பறக்கிறது.

அப்புறமும் இருட்டில், மிஷின் சுதிக்கு,
இரண்டு அடி பாடினோம்.
அது தட்டில் இல்லை.

சட்டென்று போனை என் வாயருகே நீட்டினான்.
ஓரடிதான் எனக்கு ஞாபகம்.
மற்றது அடைக்கலம் பாடியது.
அவன் போய்ப் பத்தொன்பது வருஷம்.

வரிசையில் பின்னால் யாரோ செருமினார்கள்.
"அடுத்த ஆள்" என்றேன்.

தட்டின் நடுவில் கீறியிருந்த எண்ணை
அன்றைக்கே நாலு பேர் எடுத்தார்கள்.
விழவில்லை.