ஓரம்

முதலில் எண்ணெய் தொட மாட்டேன்.
வழுக்கினால் விரல் பொய் சொல்லும்.
உலர்ந்த முதுகில் உள்ளங்கையை வைத்து
மூன்று மூச்சு காத்திருப்பேன்,
கதவைத் தட்டிவிட்டு நிற்பதுபோல.

குடியாத்தம், ஞாயிறு, மாடி அறை.
கீழே மோட்டார் கடையில்
கருகிய காயிலிலிருந்து செம்புக் கம்பியை
உருவி உருவி எடுக்கிறார்கள்.
குணவதி குப்புறக் கிடக்கிறாள்,
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள்.
மேசையின் முகக்குழிக்குள்ளிருந்து குரல் வருகிறது:
"இன்னாக்கா, சும்மா தொட்டுகினே கீற,
நல்லா அமுக்கு."

அமுக்கினால் இளகும் என்று யார் சொன்னது.
கௌண்டன்யா ஆற்று மணலில்
ஊற்றுத் தோண்டியவளுக்குத் தெரியும்:
வேகமாய் அள்ளினால் சரிந்து மூடும்.
பக்கங்களைத் தட்டிக்கொடுத்து
கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கினால்
ஈரம் தானாக மேலே வரும்.

தோல், அதன் கீழ் கொழுப்பு,
அதன் கீழ் இட்லித் துணி மாதிரி ஒரு சவ்வு,
அதற்கும் கீழேதான் சதை.
முழங்கையைக் கிடத்தி
என் எடை தன்பாட்டுக்கு இறங்க விடுகிறேன்.
கழுத்தடி நார் புடைத்துக் கிடக்கிறது,
நனைந்து காய்ந்த கொடிக்கயிறு.
ஊசிக்கு முன் குனிந்தே ஒன்பது வருஷம்.
இன்றைக்கு இத்தனை ஜோடி என்று
சூப்பர்வைசர் சாக்பீஸால் எழுதும் எண்
இங்கேதான் பதிந்திருக்கிறது என்று நினைத்தேன்.
பத்து நிமிஷத்தில் அது விட்டுக்கொடுத்தது.

விடாதது வேறொன்று.
இடது தோள்பட்டை எலும்புக்கு அடியில்,
புளியங்கொட்டை அளவு.
தொட்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுளீரென்கிறதாம்.
வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.
"பதினொண்ணு" என்றாள், சிரித்தாள்,
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
"மூச்ச விடு. நீ விட்டாத்தான் அது விடும்."

குடம் எந்த இடுப்பில்? வலது.
பிள்ளையை? "அது வளந்து பாலிடெக்னிக் போவுது."
எந்தப் பக்கம் படுப்பாய்?
"படுத்தா எனக்கு எதுவும் தெரியாது."

கட்டைவிரலை அதன்மேல் நிறுத்தி
கம்பி உருவும் சத்தத்தைக் கேட்டிருந்தேன்.
அப்போது அவள் இடது கை
மேசைக்கு வெளியே எழுந்து
இல்லாத எதையோ பிடித்தது,
விரல் மடங்கி, மணிக்கட்டு இறுகி.

"இன்னா பிடிக்கிற?"
தலையைத் தூக்கித் தன் கையைப் பார்த்தாள்,
யாருடையதோ என்பதுபோல.
"ஷேர் ஆட்டோ கம்பிக்கா."

காலை ஆறேகால். பதினொரு பேர்.
கடைசியாய் ஏறுகிறவளுக்குப் பாதி இருக்கை,
ஒரு கால் வெளியே, ஒரு கை கம்பியில்.
எர்த்தாங்கல் தாண்டி ஒவ்வொரு பள்ளத்திலும்
பத்துப் பேரின் இடுப்பும் சேர்ந்து தள்ள,
அவளை விழாமல் வைத்திருப்பது அந்தப் புளியங்கொட்டை.
சாயங்காலம் அதே வழி, அதே ஓரம்.
"யாராச்சும் ஒக்காந்துதானே ஆவணும்."

தையல் மெஷினின் வலி ஒரே நாளில் போயிற்று.
அதற்குப் போய்வந்த வலிக்கு
நாலு ஞாயிறு பிடித்தது.
கடைசி ஞாயிறு அது என் விரலடியில்
ஊறிய கொட்டைபோல வழுகி
எங்கோ போனது.
அவள் தூங்கிவிட்டாள்,
எச்சில் தரையில் சொட்டச் சொட்ட.
எழுப்பிச் சொன்னேன்:
நடுவுல ஒக்காரு. வாயத் தொறந்து கேளு.

கேட்டிருக்கிறாள்.
அடுத்த மாதம் வந்தவள் பெயர் தில்ஷாத்,
இருபது வயது இருக்கும்.
துப்பட்டாவை நாலாய் மடித்து வைத்துவிட்டுப் படுத்தாள்.
எண்ணெய் இல்லாத கையை வைத்தேன்.
மூன்று மூச்சு.
இடது தோள்பட்டைக்கு அடியில்
இன்னும் முற்றாத ஒன்று, மிளகு அளவு.

"குணாக்கா அனுப்ச்சாங்க" என்றது முகக்குழி.
"இப்ப ஓரத்துல நானு."