பதினேழு மாத்திரை

கிணற்றுக்கு மூடி போட்டோம்.
அடுப்படிப் பக்கம் அவனை விட்டதில்லை.
வல்லத்தில் ஏற்றாதீர்கள் என்று
பாம்பன் தெற்குவாடி முழுக்கச் சொல்லிவைத்தேன்,
டோக்கன் வாங்கும் வரிசையிலும் நின்று சொன்னேன்.
கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள்
கரையில் அவன் விழுந்து துடித்தபோது
யாரோ நங்கூரத்தைக் கையில் திணித்தார்கள். இரும்பு நல்லதாம்.
அன்றிலிருந்து கிளாட்வின் சட்டைப்பையில் ஒரு சாவி,
எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி.

கடலுக்குப் பிறந்தவன் பதினொரு வருஷம்
கம்பெனியில் நண்டு நிறுத்தான்.
படகுகள் அணைவதை
தராசு முள்ளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான்.
'கரையில கட்டிப்போட்டுட்ட என்னை' என்பான், குடிக்காமலே.
கட்டித்தான் போட்டேன்.
இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற ஊரில்
ஒருத்தனைத் தண்ணீர் படாமல் வைத்திருந்தேன்.

அன்றைக்குக் கச்சான் காற்று ஓய்ந்திருந்தது.
ரயில் பாலத்தில் ஏறிய சத்தம்வரை நினைவிருக்கிறது.
அப்புறம் தூங்கினேன்.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது:
நன்றாகத் தூங்கினேன்.
நண்டு ஓடு கிழித்த விரல்கூட வலிக்கவில்லை.

விடிந்தபோது குப்புறக் கிடந்தான்.
தலையணை அவன் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.
நாக்கில் பல் பதிந்த தடம், பாயில் ஈரம்.
மற்றபடி வீடு வைத்தது வைத்தபடி.
தலைமாட்டுச் சொம்புகூடக் கவிழவில்லை.
அந்தப் பக்கம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கேள்விப்பட்டு ஓடிவந்தவர்கள்
'எந்தப் படகுல போனான்?' என்றார்கள்.
பாயில், என்றேன்.

கரையில் செத்தவன் கொடுத்துவைத்தவன் என்றார் சம்மாட்டி.
தேடிப் போக வேண்டாம்,
மூணு நாள் அலையைப் பார்த்து உட்கார வேண்டாம்.
அவருடைய தம்பி கிடைக்கவேயில்லை.
அதனால் நான் பதில் பேசவில்லை.

மாத்திரையை எண்ணினேன்.
முப்பதில் பதின்மூன்று போனால் பதினேழு.
பதினேழு இருந்தது.
தட்டில் கொட்டித் திரும்ப எண்ணினேன்.
ஒன்று கூட இருந்தால் அவனைத் திட்டியிருக்கலாம்.
ஒன்று கூட இருந்தால் என்னையாவது.
கணக்கு சரியாக இருந்தது.

அறுத்துப் பார்த்தும்
காரணம் அகப்படவில்லை ராமநாதபுரத்தில்.
சின்ன வயசு டாக்டர் ஒருத்தி
நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுச் சொன்னாள்:
'வலிப்பு இருக்கிறவங்கள்ல சில பேருக்கு
தூக்கத்துல இப்படி நடக்கிறது உண்டு.'
உண்டா?
'உண்டு. நிறைய இல்ல. பயந்துடுவீங்கன்னு யாரும் சொல்றதில்ல.'

பயம் எங்களிடம் இருந்தது டாக்டர்.
பதினொரு வருஷப் பயம்.
கிணற்றடியில் கொஞ்சம், அடுப்பில் கொஞ்சம்,
படகுத்துறையில் மூட்டை மூட்டையாக
பிரித்துப் பிரித்து வைத்திருந்தேன்.
பாய்க்கு ஒரு பிடி ஒதுக்கியிருப்பேன்.
வைக்க வேண்டிய இடந்தான் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை கழிந்து
மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
கொடுத்ததை வாங்குவதில்லை என்றது ஜன்னல்.
எனக்குப் பின்னால் ஓர் உச்சிப்புளிக்காரி.
அவள் சேலையைப் பிடித்தபடி ஒரு பையன், எட்டு வயசிருக்கும்.
கையில் அதே மஞ்சள் அட்டை.
பையன் கழுத்துக் கயிற்றில் சாவி.

சொன்னேன்.
எல்லாருக்கும் இல்லை, ஆனால் உண்டு என்று.
ஒரு வேளைகூட மாத்திரை தவறக் கூடாது,
ராத்திரி தனியாகப் படுக்க விடாதே,
இழுப்பு வந்தால் ஒருக்களித்துத் திருப்பு,
இரும்பு வேண்டாம், உன் கை போதும் என்று.
அவள் முகம் கறுத்தது.
பையன் காதைப் பொத்தி
பெஞ்சின் அந்தக் கோடிக்குக் கூட்டிப்போனாள்.

பஸ் ஏறி உட்கார்ந்தேன்.
மடியில் பதினேழு மாத்திரை.
வண்டி நகர்ந்த நேரம்
பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள்.
எத்தனையோ சீட்டு காலியாக இருந்தது.
என்னை ஒட்டி உட்கார்ந்து, மூச்சு வாங்கி,
'அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்க' என்றாள்.
'மெதுவா.'