மூச்சில் புகை வருகிறதா

இலை வாடும்வரை எங்களுக்கு வேலையில்லை.
மேல்மாடியில் மின்விசிறிகள் மட்டும் இரைகின்றன.
அடுப்பறை வாசலில், தூள் மூட்டைமேல்
என் கைபேசியைச் சாய்த்து வைத்தால்
ஐந்து தலைகள் கூடும்.
கோத்தகிரி முழுக்கப் போர்த்தித் தூங்குகிற நேரத்தில்
உள்ளங்கை அகலத் திரையில்
ஒன்பது நாடுகள் சண்டைக்கு நிற்கும்.

முதலில் பார்த்த தொடரில் எடுத்த எடுப்பில் பனிமலை.
வெள்ளைக் குதிரை, வெள்ளைக் கொடி, பெருமுரசு.
போஜன் திரைக்கு மூக்கைக் கொடுத்துப் பார்த்தான்.
'மூச்சுல புகை வரல.
உப்பைக் கொட்டிப் பனிங்கறான்.'
மார்கழிக் கடைசியில்
அரை ஏக்கர் உருளைக்கிழங்குச் செடியை
ஒரே இரவில் கருகக் கொடுத்தவன்.
உறைபனி விஷயத்தில் அவனிடம் பொய் செல்லாது.
அந்தத் தொடர் அன்றோடு சரி.

அடுத்ததில் டிராகன் வந்தது.
கோட்டை எரிந்தது, கடல் கொதித்தது.
பதினேழு வருடமாய்க் கொதிகலனுக்கு
விறகு தள்ளுகிற மரியதாஸ் அண்ணனுக்கு
நெருப்பு ஒரு செய்தியே இல்லை.
'இவ்ளோ பெரிய உருப்படிக்கு
யாருப்பா தீனி போடறது?' என்றார்.
மூன்றாம் பகுதியில் பதில் இருந்தது:
ஆடுகளை ஓட்டி வருகிற ஒரு சிறுவன்,
எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தவன்,
கடைசி ஆட்டின் கயிற்றை விடாமல் நிற்கிறான்.
அண்ணன் பீடியைப் பற்றவைக்க மறந்துபோனார்.

போன வாரம் மார்க்கெட் சந்தில்
காட்டெருமை ஒன்று வந்து நின்றது.
யாரும் கூவவில்லை.
ஆட்டோக்காரர் விளக்கை அணைத்தார்.
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
கிடைத்த நேரத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டது.
அற்புதம் என்றால் அப்படி இருக்கவேண்டும்,
பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக்
கொஞ்சம் அலுத்துப்போய்.

ஐந்தாம் சீசனில் எனக்கே கோபம்.
காலையில் வடகோட்டையில் இருந்த படை
சாயங்காலம் தென்கடலில் கூடாரம் அடிக்கிறது.
மேட்டுப்பாளையம் இறங்கி
ரோலருக்கு ஒரு பேரிங் வாங்கி வர
எனக்கு ஒரு பகல் போகிறது.
கொண்டை ஊசி வளைவில் ஒருத்தனாவது
வாந்தி எடுக்காத படை
என்ன படை?
நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன்.

யோகராணி அக்கா அதிகம் பேசமாட்டார்.
நாடு தோற்ற சனங்கள் கப்பல் ஏறும் காட்சி.
முன்தளத்தில் இளவரசி
கூந்தல் பறக்கச் சபதம் செய்துகொண்டிருந்தாள்.
அக்காவின் விரல் திரையைத் தொட்டு நிறுத்தியது.
இளவரசிக்குப் பின்னால், மூலையில்,
பெயர் இல்லாத, வசனம் இல்லாத ஒருத்தி.
மடியில் பழந்துணி சுற்றிய
குழவிக்கல் மாதிரி ஒன்று.
அம்மியை விட்டுவிட்டுக்
குழவியை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள்.

'தலைமன்னார்ல எங்கம்மா
இப்படித்தான் ஒக்காந்திருந்துச்சாம்.
நான் வயித்துல.
கல்லுக்கும் டிக்கெட் எடுத்தியான்னு
ஆபீசர் சிரிச்சானாம்.'

எங்கோ, யாரோ,
கதை எழுதியவரோ, சாமான் எடுத்துவைக்கும் பையனோ,
ஒரு நொடி வந்துபோகும் அவள் மடி
காலியாக இருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.
அந்த ஆளுக்காக
நான் ஆறாம் சீசனுக்கும் டேட்டா போட்டேன்.
இளவரசியின் சபதம் என்னவென்று
எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை.

மூன்று மணிக்கு மேல்மாடி வாசனை மாறியது.
இலை வாடிவிட்டது.
போஜன் கதவைத் திறந்தான்;
அவன் வாயிலிருந்து வெள்ளையாய் ஒரு பெருமூச்சு
விளக்குக் கம்பம் வரை போயிற்று.
கடைசிப் பகுதி இன்னும் பாக்கி.
'ராஜா ஜெயிச்சிருவான்ல?'
புதிதாய்ச் சேர்ந்த நிதின்ராஜுக்குப் பொறுக்கவில்லை.

அக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டினார்.
'அவன் ஜெயிக்கட்டும், தோக்கட்டும்.
அந்தக் கல்ல
எங்க எறக்கி வச்சான்னு காட்டுவானா?'